கடல் தாயின் கோயிலும் கரையேறியவர்களும்: சிங்கப்பூர் தியன் ஹோக் கெங்கை முன்வைத்து

பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போனவர்கள், போன ஊரில் ஊன்றிக்கொள்ள எதைப் பிடித்துக்கொண்டார்கள்? தென்கிழக்காசியத் துறைமுகங்களில் சீனர்கள் இறங்கிய இடங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரே விடை திரும்பத் திரும்ப வருகிறது: கோயில். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர், யாங்கூன், சைகோன் என்று எந்த ஊரை எடுத்தாலும் அங்கே குடியேறிய சீனர் வரலாற்றின் முதல் பக்கங்களில் ஒரு கோயில் நிற்கிறது. வழிபடுவதற்கு மட்டும் அதைக் கட்டினார்கள் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். பஞ்சாயத்து, பள்ளிக்கூடம், இடுகாட்டு நிர்வாகம், கல்யாணப் பதிவு எல்லாம் அந்தக் கூரையின் கீழ்தான் நடந்தன.

இன்று அந்த வேலைகளை அரசும் நீதிமன்றமும் வங்கியும் செய்கின்றன. கோயில்களில் பல 'பாரம்பரியச் சின்னம்' என்ற பலகையோடு நிற்கின்றன. செய்த வேலை போன பிறகு மிஞ்சியிருப்பது எது? பாதுகாக்கிறோம் என்று சொல்லும்போது எதைப் பாதுகாக்கிறோம்? சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் இருக்கும் தியன் ஹோக் கெங் கோயிலை நடுவில் வைத்து, பிற ஊர்க் கோயில்களையும் ஒப்பிட்டு இந்தக் கேள்வியை ஆராய்கிறது இக்கட்டுரை.

கடற்கரைக் கோயில்

இன்றைய தெலுக் ஆயர் தெருவில் நிற்பவருக்கு அங்கே கடல் இருந்தது என்பது நம்பும்படியாக இராது. சுற்றிலும் அலுவலகக் கோபுரங்கள், உணவகங்கள். ஆனால் 1819இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சிங்கப்பூரில் வணிகத் தளம் அமைத்தபோது இந்தத் தெருதான் கடற்கரை. சீனாவிலிருந்து பருவக்காற்றைப் பிடித்து வந்த பாய்மரக் கப்பல்களின் ஆட்கள் இங்கேதான் கரையேறினார்கள். உயிரோடு வந்து சேர்ந்ததற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும் அல்லவா? அதற்காகக் கரையோரத்தில் 1820களின் தொடக்கத்திலேயே சிறிய வழிபாட்டிடம் ஒன்றை ஹோக்கியன் மக்கள் எழுப்பினார்கள்.

ஹோக்கியன் என்பது தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து வந்தவர்களைக் குறிக்கும் பெயர். வந்தவர்களின் கூட்டம் வேகமாகப் பெருகியது. 1824ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் இருந்த 10,683 பேரில் சீனர் 3,317 பேர். இந்தியர் 756 பேர். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சீனரே பெரும்பான்மையினர் ஆனார்கள். கையளவு வழிபாட்டிடம் போதாமல் போனது. 1839இல் புதிய கோயில் வேலை தொடங்கி 1842இல் முடிந்தது.

முன்னின்று நடத்தியவர்களில் முதன்மையானவர், பெருங்கொடை அளித்தவர் டான் டோக் செங். 1798இல் மலாக்காவில் பிறந்து, சிங்கப்பூருக்கு வந்து, காய்கறியும் கோழியும் விற்று முன்னுக்கு வந்த மனிதர். 1844இல் ஏழைகளுக்காக மருத்துவமனை கட்டப் பணம் கொடுத்தவரும் அவரே. அவர் பெயரில் அந்த மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. ஹோக்கியன் சமூகத் தலைமையில் அவருக்கு முன்னோடி சீ ஹூட் கீ. ஹோக்கியன் மக்களின் இடுகாட்டை ஒட்டி 1828இல் ஹெங் சான் டிங் என்ற கோயிலை அவர் நிறுவியிருந்தார். சமூகத் தலைமை முதலில் இடுகாட்டுக் கோயிலில் இருந்தது. பிறகுதான் கடற்கரைக் கோயிலுக்கு வந்தது. திக்கற்ற கூலியாட்கள் நிறைந்த ஊரில், செத்தவரை முறையாக அடக்கம் செய்வதுதான் சமூகத்தின் முதல் பொறுப்பாக இருந்திருக்கிறது.

மாட்சு என்ற துணை

கோயிலின் மூலவர் மாட்சு. ஃபூஜியனின் மெய்ஜோ தீவில் லின் குடும்பத்தில் 960இல் பிறந்து, இளம்வயதிலேயே மறைந்த பெண் என்பது மரபுக்கதை. கடலில் தவித்தவர்களைக் காப்பாற்றியவள் என்று மீனவர்கள் கும்பிடத் தொடங்கினார்கள். பின்னர் சீனப் பேரரசர்கள் அவளுக்குப் பட்டம்மேல் பட்டம் கொடுத்து விண்ணக அரசியாக உயர்த்தினார்கள். மாட்சு வழிபாட்டு மரபை யுனெஸ்கோ 2009இல் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

தியன் ஹோக் கெங்கின் மாட்சு சிலை சீனாவிலிருந்து 1840இல் கப்பலில் வந்து இறங்கியது. அன்று நடந்த ஊர்வலத்தைச் சிங்கப்பூரின் ஆங்கிலச் செய்தித்தாளே எழுதியது. இத்தகைய கோயில்களுக்கு ஒரு நடைமுறை உண்டு: தாய்க்கோயிலின் தூபக்கலத்திலிருந்து சாம்பல் எடுத்துவந்து புதிய கோயிலின் கலத்தில் இடுவார்கள். நம் தென்மாவட்டங்களில் குலசாமி கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய் வேறூரில் கோயில் எழுப்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இடம் மாறுகிறது, தொடர்பு அறுவதில்லை.

மாட்சுவுக்கு இருபுறமும் உள்ள தெய்வங்களைக் கவனித்தால் குடியேறியவர்களின் மனம் புரியும். ஒருபுறம் குவான் தி. வாக்குத் தவறாமைக்கும் வீரத்துக்கும் உரியவர், வணிகர்கள் விரும்பிக் கும்பிடும் தெய்வம். மறுபுறம் பாவ்ஷெங் தாதி. ஹோக்கியன் மக்களின் மருத்துவத் தெய்வம். பின்கட்டில் கருணையின் வடிவமான குவான்யின். கடலில் உயிர், தொழிலில் நாணயம், நோயிலிருந்து விடுதலை, மனத்துக்கு ஆறுதல். புலம்பெயர்ந்தவனுக்கு வேண்டியதெல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தன.

கட்டடம் சொல்லும் கதை

தென் ஃபூஜியன் பாணியில் அமைந்தது கோயில்: முன்மண்டபம், முற்றம், பிரதான மண்டபம், பின்கட்டு. கல்லும் மரமும் சீனாவிலிருந்து வந்தன. தச்சர்களும் சிற்பிகளும் அங்கிருந்தே வந்தார்கள். விட்டங்களையும் தாங்குகட்டைகளையும் ஆணியின்றிப் பொருத்து வேலையாலேயே கோத்திருக்கிறார்கள். வாசலில் கல் சிங்கங்கள். கதவில் காவல் தெய்வங்களின் ஓவியங்கள். தாண்டித்தான் உள்ளே போக வேண்டும் என்கிற அளவுக்கு உயர்ந்த நிலைப்படி. குனிந்து கால் பார்த்து வைப்பவன் தலை தானாகத் தாழும்.

கூரையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முகட்டின் இரு முனைகளும் குருவி வால்போல் பிளந்து மேலெழும். அதன்மேல் நாகங்கள், பூக்கள், கதைமாந்தர். அவற்றின் மேனி முழுக்க வண்ணப் பீங்கான் சில்லுகள். பீங்கான் கிண்ணங்களை வேண்டிய அளவுக்கு நறுக்கி, சாந்தின்மேல் ஒவ்வொன்றாகப் பதித்து நாகத்தின் செதிலும் பூவின் இதழும் ஆக்குவது ஃபூஜியன் கைவினைஞர்களின் தனிக்கலை. வெயிலுக்கும் மழைக்கும் மங்காத வண்ணம் அது.

எல்லாமே சீனத்துச் சரக்கு என்றும் சொல்லிவிட முடியாது. 1906இல் கோயிலைப் புதுப்பித்தபோது வாசலுக்குப் பொருத்திய வார்ப்பு வேலைப்பாட்டு இரும்புக் கதவு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து வந்தது. சுவர்களில் ஐரோப்பிய வண்ண ஓடுகள். விட்டத்தைத் தோளில் தாங்கும் மரச் சிற்பங்களில் சில இந்திய முகச்சாயல் கொண்டவை. துறைமுகத்தில் உடன் உழைத்த இந்தியர்களின் நினைவாகச் செதுக்கியவை என்று கோயில் வழிகாட்டிகள் விளக்குகிறார்கள். 'தூய' சீனக் கட்டடக் கலையைத் தேடி வருபவர் ஏமாறலாம். துறைமுக நகரத்தில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டு தன் முகத்தை இழக்காமல் நிற்பதுதான் இந்தக் கட்டடத்தின் சிறப்பு.

1907இல் சீனப் பேரரசர் குவாங்ஷூ தென்கடலில் அலைகள் அமைதியுறட்டும் என்ற பொருள்பட எழுதிய எழுத்தைக் கோயிலுக்கு வழங்கினார். வெறும் பக்தி என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு காலத்தில் நாட்டைவிட்டுப் போவதையே குற்றமாகக் கருதிய சிங் அரசு, கடைசிக் காலத்தில் வெளிநாட்டுச் சீனர்களின் பணத்தையும் ஆதரவையும் நாடி நின்றது. அதற்கு வாசலாக இருந்தவை இந்தக் கோயில்களே.

கோயிலுக்குள் ஒரு நிர்வாகம்

கோயில் கட்டிய வரலாற்றைச் சொல்லும் 1850ஆம் ஆண்டுக் கல்வெட்டு வளாகத்தில் இருக்கிறது. கடல் கடந்து வந்தவர்கள் தெய்வத்தின் அருளால் பிழைத்ததைச் சொல்லிவிட்டு, கொடுத்தவர் யார், கொடுத்தது எவ்வளவு என்று அது பட்டியலிடுகிறது. நம் கோயில் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வகைதான். கொடையைக் கல்லில் பொறித்தால் புண்ணியக் கணக்கும் தெரியும், பொதுக்கணக்கும் தெரியும். அடுத்த தலைவர் யார் என்பதும் கிட்டத்தட்ட அங்கேயே முடிவாகிவிடும்.

ஏனெனில் அப்போது சீனர்களை நேரடியாக நிர்வகிக்க ஆங்கிலேயரிடம் ஆளும் இல்லை, மொழியும் இல்லை. 1877இல்தான் சீனர் விவகாரங்களுக்கென்று தனி அலுவலகம் வந்தது. சீன மொழி அறிந்த வில்லியம் பிக்கரிங் அதன் தலைவரானார். அதுவரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சமூகம் தன்னைத்தானே நிர்வகித்துக்கொண்டது. கோயில் கட்டும்போதே, 1840இல், ஹோக்கியன் ஹுவே குவான் என்ற சங்கம் கோயில் வளாகத்தில் உருவானது. டான் டோக் செங்கின் மகன் டான் கிம் சிங் சங்கத் தலைவராக இருந்தபோது கல்யாணச் சான்றிதழும் இங்கிருந்தே வழங்கினார்கள். தெய்வத்தின் முன்னிலையில் தீர்த்துக்கொண்ட வழக்குகளும் உண்டு.

கல்வியும் இதே வட்டத்திற்குள்தான் முளைத்தது. கோயிலை ஒட்டி 1849இல் சோங் வென் கே என்ற கல்விக்கூடக் கட்டடம் தொடங்கியது. 1854இல் டான் கிம் செங் என்ற வேறொரு வணிகர், பின்புறத்து அமோய் தெருவில் சுய் எங் இலவசப் பள்ளியை நிறுவினார். இருபதாம் நூற்றாண்டில் சங்கத்தின் கீழ் தாவ் நான், ஐ தோங், சோங் ஹோக் போன்ற பள்ளிகள் வளர்ந்தன. 1915இல் தொடங்கிய சோங் ஹோக் பெண்களுக்கான பள்ளி. 1929இல் தொழிலதிபர் டான் கா கீ சங்கத்தைச் சீரமைத்து, கல்வியை அதன் முதன்மைப் பணியாக்கினார். 1953இல், டான் லார்க் சை தலைவராக இருந்தபோது, 523 ஏக்கர் நிலத்தைச் சங்கம் நன்யாங் பல்கலைக்கழகத்துக்காகக் கொடுத்தது. இன்றைய நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அந்த மண்ணில்தான் நிற்கிறது.

கோயிலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வகை அமைப்பும் இருந்தது. 1831இல் மலாக்கா வழிவந்த 36 ஹோக்கியன் வணிகர்கள் கெங் டெக் வே என்ற பரஸ்பர உதவிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஓர் உறுப்பினர் இறந்தால் அவர் குடும்பத்தை மற்றவர்கள் தாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. உறுப்புரிமை வாரிசுகளுக்கு மட்டுமே. காப்பீட்டு நிறுவனம் இல்லாத காலத்தின் காப்பீடு அது.

ஆகவே இது சமய நிறுவனமா, அரசியல் நிறுவனமா என்ற கேள்விக்குத் தனித்தனி விடை தேடிப் பயனில்லை. தெய்வம் சாட்சியாக இருந்ததால்தான் சங்கத்தின் சொல் எடுபட்டது. சங்கம் கணக்குக் காட்டியதால்தான் கோயிலுக்குப் பணம் வந்தது. அதே சமயம் இதை இனிமையான சமத்துவக் கதையாகவும் காட்டக் கூடாது. பணம் கொடுத்தவர் பெயர்தான் கல்லில் ஏறியது. மூட்டை சுமந்த கூலியாள் கோயிலுக்குள் வரலாம். பட்டியலுக்குள் வர முடியாது. ஹோக்கியன், தியோச்சியூ, கன்டனீஸ், ஹக்கா என்று ஒவ்வொரு மொழிக்குழுவும் தனித்தனிக் கோயிலும் சங்கமும் வைத்துக்கொண்டதில் போட்டியும் பகையும் இருந்தன. 1854இல் ஹோக்கியனுக்கும் தியோச்சியூவுக்கும் பெருங்கலவரமே மூண்டது.

ஒரே கரையில் நாகூரும்

தமிழ் வாசகருக்கு இந்தத் தெருவில் தனி அக்கறை உண்டு. தியன் ஹோக் கெங்கிலிருந்து சில அடிகள் நடந்தால் நாகூர் தர்கா. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள், நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது. அதே தெருவில் அவர்களுடைய அல் அப்ரார் பள்ளிவாசல், 1827இல் ஓலைக்கொட்டகையாகத் தொடங்கியது. கடலோடிகளைக் காப்பவர் என்று நாகூராரை நம் கரையோர மக்கள் மத வேறுபாடு பாராமல் வேண்டிக்கொள்வது வழக்கம். ஒரு கரையிலிருந்து மாட்சுவை நம்பி வந்தவனும் மறுகரையிலிருந்து நாகூராரை நம்பி வந்தவனும் ஒரே கடற்கரையில் இறங்கி, பக்கத்துப் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

சற்றுத் தள்ளி சவுத் பிரிட்ஜ் சாலையில், 1827இல் நாராயண பிள்ளை முயற்சியால் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் இதே வேலைகளைச் செய்தது: புதிதாக வந்து இறங்கியவர்களுக்குத் தங்க இடம், இந்துக்களுக்குக் கல்யாணப் பதிவு. மொழியும் தெய்வமும் வேறு, தேவை ஒன்றே. ஆக, கோயில் வழியாகச் சமூகத்தை அமைத்துக்கொள்வதைச் சீனருக்கே உரிய குணமாகப் பார்ப்பது தவறு. குடியேற்ற நகரத்தில் அரசு விட்ட இடத்தை நிரப்பும் வழி அது.

மூன்று வகை முடிவுகள்

இத்தகைய கோயில்கள் பிற்காலத்தில் என்ன ஆயின என்று பார்த்தால் மூன்று வகைகள் தெரிகின்றன.

முதலாவது, சமூகம் உடனிருந்து காப்பாற்றியவை. மலாக்காவின் செங் ஹூன் தெங் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. டச்சுக்காரர் காலத்தில் சீனருக்குத் தலைவராக இருந்த கப்பித்தான்கள் அங்கிருந்தே நிர்வாகம் செய்தார்கள். ஆங்கிலேயர் அப்பதவியை ஒழித்தபின் கோயில் தலைவரே சமூகத் தலைவரானார். முன்பு சொன்ன சீ ஹூட் கீயும் சிங்கப்பூரிலிருந்து திரும்பி அந்தப் பொறுப்பை ஏற்றார். இன்றும் அங்கே வழிபாடு குறைவில்லை.

இரண்டாவது, சமூகம் போய்விட, அரசோ அண்டை அயலாரோ காப்பவை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வீவர்வில் என்ற தங்கவேட்டை ஊரில் 1874இல் கட்டிய சீனக் கோயில் இருக்கிறது. தங்கம் தீர்ந்தது, 1882இல் சீனர் குடியேற்றத் தடைச் சட்டமும் வந்தது, ஊர்ச் சீனர்கள் கலைந்தார்கள். கோயில் 1956இல் மாநில வரலாற்றுப் பூங்காவானது. நம் நாட்டிலும் சான்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் ஹூக்ளிக் கரையில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை வைத்த டோங் அச்யூவின் பெயரால் அச்சிபூர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. 1962 இந்திய-சீனப் போருக்குப் பின் கொல்கத்தாச் சீனர்கள் பட்ட பாட்டில் பலர் நாட்டைவிட்டே போனார்கள். எஞ்சியவர்கள் சீனப் புத்தாண்டையொட்டி அச்சிபூர்க் கோயிலுக்கும் அச்யூவின் கல்லறைக்கும் போய் வருகிறார்கள்.

மூன்றாவது, வழிபாடே நின்று காட்சிக்கூடமானவை. தெலுக் ஆயர் தெருவிலேயே, ஹக்கா, கன்டனீஸ் மக்கள் 1824இல் தொடங்கிய ஃபுக் தக் சி கோயில் 1998இல் அருங்காட்சியகமானது. நாகூர் தர்காவும் நீண்ட காலம் மூடிக்கிடந்து, சீரமைக்கப்பட்டு, 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை மையமாகத் திறந்தது.

1973க்குப் பிறகு

சிங்கப்பூர் அரசு 1973இல் முதன்முதலாகத் தேசியச் சின்னங்களை அறிவித்தபோது எட்டுக் கட்டடங்கள் தேர்வாயின. ஸ்ரீ மாரியம்மன் கோயிலோடு தியன் ஹோக் கெங்கும் அவற்றில் ஒன்று. 1998 முதல் 2000 வரை பெரிய அளவில் புதுப்பிப்பு நடந்தது. சீனத்துக் கைவினைஞர்களை வரவழைத்து, மரபு முறையிலேயே பழுது பார்த்தார்கள். 2001இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுடைமைப் பாதுகாப்பு விருதுகளில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. 2017இல் அமோய் தெருப் பக்கத்துப் பின்சுவரில் ஹோக்கியன் குடியேறிகளின் வரலாற்றை 44 மீட்டர் நீளத்துக்கு ஓவியர் யிப் யூ சோங் வரைந்தார்.

கட்டடத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. கோயிலின் ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு காலத்தில் கைமாறியது. 1877க்குப் பின் வழக்கும் காவலும் அரசிடம் போயின. 1961ஆம் ஆண்டு மாதர் சாசனம் முஸ்லிம் அல்லாதோரின் கல்யாணங்களை அரசுப் பதிவுக்குள் கொண்டுவந்தது. சங்கத்தின் பள்ளிகள் தேசியக் கல்விமுறையில் சேர்ந்தன. சுற்றுவட்டார மக்கள் அடுக்குமாடிப் பேட்டைகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசுவோம் இயக்கத்தால் வீட்டில் ஹோக்கியன் பேச்சுக் குறைந்தது. தாத்தா எந்த மொழியில் மாட்சுவிடம் வேண்டினாரோ அந்த மொழியில் வேண்டத் தெரியாத பேரப்பிள்ளைகள் பலர்.

பாதுகாப்புக்கு ஒரு சார்பும் இருக்கிறது: நிற்கும் கட்டடத்துக்குக் கிடைக்கும் கவனம் மற்றவற்றுக்குக் கிடைப்பதில்லை. 1922இல் நகராட்சி திறந்த புக்கிட் பிரௌன் சீன இடுகாட்டின் ஊடாக நெடுஞ்சாலை போட 2011இல் திட்டம் வந்தபோது, மரபுடைமை ஆர்வலர்கள் எதிர்த்தும் ஆயிரக்கணக்கான கல்லறைகள் தோண்டி எடுக்கப்பட்டன. கோயிலைக் கட்டிய சமூகத்தின் வரலாறு இடுகாட்டிலும் எழுதப்பட்டிருந்தது. ஹோக்கியன் தலைமையின் முதல் இருப்பிடமான ஹெங் சான் டிங் 1992இல் தீயில் அழிந்துபோனது.

இருந்தும் தியன் ஹோக் கெங்கை வெறும் கூடு என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம், ஹோக்கியன் ஹுவே குவான் இன்றும் அதன் உரிமையாளர் என்பதுதான். பராமரிப்பு, விழா, கல்விக்கொடை எல்லாவற்றையும் ஒரே அமைப்பு கவனிக்கிறது. சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாதம் 23ஆம் நாள் மாட்சுவின் பிறந்தநாளுக்குக் கோயிலில் விழா உண்டு. கெங் டெக் வேயின் கதையும் நம்பிக்கை தருவது: 2009இல் தேசியச் சின்னமான அக்கட்டடத்தைத் தாவோ சமய அமைப்பு ஒன்று வாங்கி, மீண்டும் வழிபாட்டிடமாக ஆக்கியிருக்கிறது.

ஆய்வின் முடிவு

புலம்பெயர்ந்தோர் கோயில் பிழைத்திருப்பதற்கு வயதோ அழகோ போதாது. உரிமையுள்ள அமைப்பு ஒன்று வேண்டும். தொடர்ந்து வந்துபோகும் ஆட்கள் வேண்டும். பழைய வேலை போனால் புதிய வேலை வேண்டும். அரசின் அறிவிப்பு சுவரைக் காக்கும். சுவருக்குள் இருப்பதைச் சமூகம்தான் காக்க வேண்டும். எழுத்தில் இருப்பதைக் காப்பது ஆய்வாளர் கடமை. கென்னத் டீனும் ஹூ குவான் தையும் சிங்கப்பூரில் 1819 முதல் 1911 வரையிலான சீனக் கல்வெட்டுகளைத் தொகுத்து 2017இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார்கள். கோயில் ஒன்று நாளை இடம் மாறினாலும், எரிந்துபோனாலும், யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்ற செய்தி இனி அழியாது.

மலேசியத் தோட்டப்புறங்களிலும் மியன்மரிலும் தென்னாப்பிரிக்காவிலும் மொரிஷியசிலும் தமிழர் எழுப்பிய கோயில்களுக்கும் தர்காக்களுக்கும் இதே போன்ற நன்கொடைப் பலகைகளும் கணக்குப் புத்தகங்களும் கல்யாணப் பதிவேடுகளும் உண்டு. கும்பாபிஷேகத்துக்காகப் பழைய பலகையைக் கழற்றுமுன் அதை ஒரு படமாவது எடுத்து வையுங்கள். பழைய பதிவேட்டைப் பழைய தாள்காரரிடம் போடுமுன் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.